பூநாரைக் கூட்டத்துல குஞ்சிதபாதம்

ஒரு ஊர்ல ஒரு தொண்டை இருந்துச்சு. சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். முதல்ல தொண்டை வரும், அப்புறம்தான் ஆளு வருவாரு. அந்த ஆளு பேரு குஞ்சிதபாதம். ஊரு திருத்துறைப்பூண்டி. பஸ் ஸ்டாண்டுல நின்னு, எந்த பஸ்ஸு எங்க போகுதுன்னு கூவிக் கூவி ஆள் ஏத்துறதுதான் அவரு வேலை. "மன்னார்குடி மன்னார்குடி மன்னார்குடீஈஈ"ன்னு ஒரு கூவு கூவினார்னா, திருவாரூர் போக நின்ன ஆளு கூட பயந்துபோயி மன்னார்குடி பஸ்ஸுல ஏறி உக்காந்துக்குவாரு. ம் கொட்டு.

ம்.

வேலையிலதான் அப்படின்னு பார்த்தா வீட்டுலயும் அப்படியேதான். சாப்பிடும்போது அவரு உப்பு கேட்டா எதிர் வீட்டுலேருந்து உப்பு வரும். பொண்டாட்டிகிட்ட ரகசியம் சொன்னா மூணாவது வீட்டுல "அப்படியா சங்கதி"ம்பாங்க. அவருக்கா, அது தெரியவே தெரியாது. எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்கன்னு நெனைச்சுக்கிட்டிருந்தாரு.

அவரு பொண்டாட்டி பேரு செங்கமலம். ஒரே பொண்ணு, நித்திலான்னு பேரு, நாலாங்கிளாஸ் படிக்குது. அது அப்படியே அப்பாவுக்கு எதிரு. அது பேசுறது அதுக்கே பாதிதான் கேக்கும். ஆனா பறவைன்னா அதுக்கு உயிரு. பள்ளிக்கூடத்துல ஒரு புஸ்தகத்துல பூநாரை படத்தைப் பார்த்துடுச்சு. குச்சிக் காலு, வளைஞ்ச கழுத்து, மூக்கு மட்டும் யாரோ கதவிடுக்குல வெச்சு நசுக்கினாப்புல மடங்கியிருக்கும். உடம்பு ரோஸு. மார்கழி வந்தா அதுங்க கூட்டங்கூட்டமா கோடிக்கரைக்கு வரும்னு டீச்சர் சொன்னாங்களாம். அன்னையிலேருந்து நித்திலா தலைகீழா நின்னு கஞ்சி குடிச்சுப் பார்க்குது. பூநாரை அப்படித்தான் தலையைக் கவுத்துச் சாப்பிடுமாம். மூக்குல கஞ்சி ஏறி, பொறையேறி, செங்கமலம் முதுகுல நாலு தட்டு தட்டி, "சரி, அரையாண்டு லீவு விட்டதும் மூணு பேருமாப் போவோம், நேர்லயே பார்த்துக்க"ன்னு சொல்லிட்டா.

அப்புறம் லீவு வந்துச்சு. கிளம்புற நாளும் வந்துச்சு. காலையில குஞ்சிதபாதம் கூடத்துல உக்காந்து இட்லி சாப்பிடுறாரு. வாய் நிறைய இட்லி, அதனால பேச முடியல. பேசாததனால, பாரு, அன்னைக்குத்தான் அடுத்தவங்க பேசுறது அவரு காதுல விழுந்துச்சு. அடுப்படியில நித்திலா அம்மாகிட்ட கேக்குது.

"அம்மா, அப்பாவும் வரணுமா? அப்பா வந்தா பறவையெல்லாம் போயிடும்மா."

அந்த இட்லி இருக்கே, அது உள்ளயும் போகல, வெளியயும் வரல. அப்படியே நின்னுடுச்சு. செங்கமலம் என்ன பதில் சொன்னான்னு கூட அவருக்குக் கேக்கல. மெதுவா எழுந்திரிச்சு, கையைக் கழுவிட்டு, கொல்லைப்பக்கம் போனாரு. அங்க முருங்கை மரத்துல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. சரி, இதுகிட்ட மெதுவாப் பேசிப் பழகுவோம்னு, அவருக்குத் தெரிஞ்ச மெதுவுல, "காக்கா, சௌக்கியமா"ன்னு கேட்டாரு. காக்கா பறந்துச்சு. பக்கத்து மரத்துக் காக்காவும் பறந்துச்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு நாய் குரைச்சுது. அடுத்த வீட்டுல ஒருத்தரு "சௌக்கியம்தாங்க, நீங்க?"ன்னாரு.

அப்போதான் குஞ்சிதபாதம் ஒரு முடிவு பண்ணாரு. இன்னைக்கு நான் வாயே திறக்கப் போறதில்லை. சாயங்காலம் வீடு திரும்புற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். என்னால ஒரு பறவை கூட பறக்கக் கூடாது. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

பஸ்ஸுல ஏறினாங்க. குஞ்சிதபாதம் உதட்டை உள்ள மடிச்சுக் கவ்விக்கிட்டு உம்முன்னு உக்காந்திருக்காரு. கண்டக்டருக்கு அவரை நல்லாத் தெரியும். தினம் கத்துற மனுசன் இப்படி இருக்காரேன்னு பயந்துட்டாரு. பல்வலியான்னு கேட்டாரு. இவரு தலையாட்டி வெச்சாரு. உடனே பின்சீட்டு அம்மா ஒரு கிராம்பு கொடுத்தாங்க, கடிச்சுக்கச் சொல்லி. முன்சீட்டுப் பெரியவரு பல்லைப் பிடுங்கிடறதுதான் நல்லதுன்னாரு. வேதாரண்யம் வர்றதுக்குள்ள பஸ்ஸே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, பிடுங்கலாம், பிடுங்கக் கூடாதுன்னு சண்டை. பல்லுக்குச் சொந்தக்காரரு மட்டும் கிராம்பைக் கடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா உப்பளத்தைப் பார்த்துக்கிட்டு வந்தாரு.

அப்புறம் கோடிக்கரை வந்துச்சு. இறங்கி நடந்து கடற்கரைக்குப் போனாங்க. அலை வருது, ஸ்ஸ்ஸுன்னு. அலை போகுது, ஸூஊஊன்னு. அங்க மணல்ல குட்டிக் குட்டியா உள்ளான் குருவிங்க. அலை பின்னாடி போனா அதுங்க குடுகுடுகுடுன்னு பின்னாலயே ஓடி மணலைக் கொத்தும். அலை திரும்பி வந்தா, காலு நனைஞ்சுடுமேன்னு குடுகுடுகுடுன்னு திரும்பி ஓடும். மறுபடி அலை போகும், மறுபடி குடுகுடுகுடு. நித்திலா மணல்ல மண்டி போட்டு உக்காந்து, நோட்டை எடுத்துப் பேரு எழுத ஆரம்பிச்சுது.

குஞ்சிதபாதம் பார்க்குறாரு. குடுகுடுகுடு. பஸ்ஸு கிளம்பும்போது ஓடி வந்து, ஐயோ இது நம்ம பஸ்ஸு இல்லன்னு திரும்பி ஓடுற ஜனங்க மாதிரியே இருக்கு அவருக்கு. வயித்துக்குள்ள சிரிப்பு கிளம்புது. அடக்குறாரு. குடுகுடுகுடு. அடக்குறாரு. குடுகுடுகுடு. "பாஆஆஹ்ஹாஹ்ஹா"ன்னு வெடிச்சுடுச்சு. விர்ர்ர்ருன்னு அத்தனை உள்ளானும் கடல் மேல போயிடுச்சு. நித்திலா நோட்டுல "உள்ளா" வரைக்கும்தான் எழுதியிருந்துச்சு.

இது ஒண்ணு. ம்?

ம்.

செங்கமலம் கிட்ட வந்தா. அவரு தோள்ல கிடந்த துண்டை எடுத்து, வாயைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தி, பின்னந்தலையில இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டா. அவரும் சமத்தா நின்னு கட்டிக்கிட்டாரு.

அப்புறம் கரையை விட்டு உள்பக்கமா, தண்ணி தேங்கி நிக்கிற சதுப்புப் பக்கம் போனாங்க. அங்க கூழைக்கடாக்கள் மிதக்குதுங்க. கூழைக்கடான்னா என்ன தெரியுமா, மூக்குக்குக் கீழ மளிகைக் கடைப் பை மாதிரி ஒண்ணு தொங்குமே, அது. ஒரு கூழைக்கடா தலையை உள்ள விட்டு, லபக்குன்னு ஒரு மீனைப் பிடிச்சுது. மீனு பெருசு. பைக்குள்ள இருந்துக்கிட்டு தடதடன்னு குதிக்குது. பை இந்தப் பக்கம் ஆடுது, அந்தப் பக்கம் ஆடுது. கூழைக்கடா ஒண்ணுமே நடக்காத மாதிரி வேற எங்கயோ பார்க்குது. மீன் வாலு மட்டும் வெளிய வந்து, போயிட்டு வரேன்னு கை காட்டுற மாதிரி ஆடுது.

நித்திலா நோட்டைத் திறந்துச்சு. குஞ்சிதபாதத்துக்குப் பொறுக்கல. மீனு தப்பிக்குமா, தப்பிக்காதா. ஓடு ஓடுன்னு சொல்ல வாயி துடிக்குது. பேசலையே, நெனைக்கத்தானே செய்யறோம்னு நெனைச்சாரு. ஆனா அந்தத் தொண்டை இருக்கே, அது நெனைச்சாலே சத்தம் வரும். துண்டுக்குள்ளேருந்து "ம்ம்ம்ம்ப்பாஆஆ"ன்னு ஒரு சத்தம், நெல்லு மில்லு ஓடுறாப்புல. தப் தப் தப் தப்புன்னு ரெக்கையை அடிச்சுக்கிட்டு அத்தனை கூழைக்கடாவும் மேல கிளம்பிடுச்சு. நோட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லு பார்ப்போம்.

கூழை.

ஆங். "கூழைக்க". போன தடவையை விட ஒரு எழுத்து கூடுதல். பொண்ணு வேகமா எழுதியிருக்கு.

ரெண்டாச்சா. அப்போ தூரத்துல, தண்ணி ஓரமா, யாரோ ரோஸ் சேலையை நீளமாக் காயப் போட்டிருக்காப்புல ஒரு கோடு தெரிஞ்சுது. நித்திலா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. பூநாரை. நூறு இருக்கும். செங்கமலம் பார்த்தா. துண்டு போதாது. தூக்குச்சட்டியைத் திறந்து, வாய்க்கட்டை அவிழ்த்து, ஒரு முழு அதிரசத்தை அவரு வாய்க்குள்ள வெச்சு அழுத்தினா. இன்னொண்ணையும் வெச்சா. கன்னம் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு. மேல துண்டையும் கட்டிட்டா.

மூணு பேரும் குனிஞ்சு குனிஞ்சு போறாங்க. சத்தமே இல்லை. சேறு மட்டும் புளுக், புளுக். கிட்டப் போறாங்க. பூநாரைங்க தலையைக் கவுத்துச் சேத்தைச் சலிச்சுக்கிட்டு இருக்குதுங்க, ச்சப் ச்சப் ச்சப். இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா காலு கூடத் தெரியும். குஞ்சிதபாதம் உள்ளுக்குள்ள பெருமைப்பட்டாரு, பார்த்தியா நான் எவ்வளவு அமைதியான ஆளுன்னு. அப்போ அதிரசம் தொண்டையை அடைச்சுது. முழுங்கினாரு. தண்ணி இல்லாம முழுங்கினா என்ன வரும்?

விக்கல்.

"ஹிக்க்க்கூ."

அவ்வளவுதான். நூறு பூநாரையும் ஒரே நேரத்துல தலையைத் தூக்குச்சு. "கர்ர்ர்க்கா, கர்ர்ர்க்கா"ன்னு ஒரு கத்து. தண்ணி மேல தடதடன்னு ஓடி, அப்படியே எழும்பி, ரெக்கையை விரிச்சுக்கிட்டு வானத்துல போயிடுச்சு.

நித்திலா அழல. கோவிச்சுக்கல. பென்சிலை நோட்டுக்குள்ள வெச்சு மூடிச்சு. அப்பாகிட்ட வந்து, பரவாயில்லைப்பான்னு சொல்லிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அது நாலு வார்த்தை திட்டியிருந்தா கூட அவரு தாங்கியிருப்பாரு. இந்தப் பரவாயில்லையை அவரால தாங்க முடியல.

அப்போ குஞ்சிதபாதம் துண்டை அவிழ்த்து மடிச்சு செங்கமலம் கையில கொடுத்தாரு. கையாலயே ஜாடை காட்டினாரு. நீங்க ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க, நான் அதோ அந்தக் கோடிக்குப் போயிடறேன், நான் இல்லேன்னா அதுங்க திரும்பி வரும்னு. சொல்லிட்டு, ஹிக், நடந்தாரு. ஹிக், நடந்தாரு. சதுப்பு வளையுற இடத்துல உமரிச் செடிங்க புதரா மண்டிக் கிடக்கு. அதைத் தாண்டி, யாரு கண்ணுலயும் படாம, முழங்கால் தண்ணியில போயி, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. கோவிச்சுக்கிட்டுப் போகல, கண்ணு. தன்னைத்தானே ஊரை விட்டுத் தள்ளி வெச்சுக்கிட்டாப்புல நின்னாரு. ஹிக்.

அந்தத் தண்ணிக்குள்ள ஒரு நண்டு இருந்துச்சு. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். ஆனா அதுக்குக் கோவம் மட்டும் பலாப்பழம் அளவு. அது பாட்டுக்குப் படுத்திருந்த வீட்டு வாசல்ல ஒரு பெரிய காலு வந்து நின்னா அதுக்கு எப்படி இருக்கும்? அது மெதுவா வந்துச்சு. நொரு நொரு நொரு. கட்டை விரலைப் பார்த்துச்சு. நல்ல கொழுத்த விரலு. ரெண்டு கொடுக்கையும் விரிச்சுது.

நறுக்.

விக்கல் பட்டுன்னு நின்னுடுச்சு. குஞ்சிதபாதம் கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சு. காலை வெடுக்குன்னு தண்ணிக்கு மேல தூக்கினாரு. விரல்ல நண்டு தொங்குது, ஊஞ்சலாடுது. அவரு வாழ்நாள்லேயே பெரிய கத்து ஒண்ணு அடிவயித்துலேருந்து கிளம்புச்சு. நெஞ்சுக்கு வந்துச்சு, தொண்டைக்கு வந்துச்சு, பல்லுகிட்ட வந்துடுச்சு, வாயைத் திறந்துட்டாரு.

அப்போ அவரு மேல நிழலு விழுந்துச்சு.

நிமிர்ந்து பார்த்தாரு. வானம் பூரா ரோஸு. பறந்து போன பூநாரைங்க ஒரு சுத்து சுத்திட்டு, சத்தம் கேட்ட பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் அமைதியா இருக்குன்னு இங்கயே இறங்குதுங்க. சளக். சளக். சளக் சளக். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு, பக்கத்துல பத்து.

கத்தினா நண்டு பயந்து விட்டுடும். ஆனா பூநாரையும் போயிடும்.

என்ன பண்ணாரு தெரியுமா? அந்தக் கத்தை முழுங்கினாரு. அதிரசம் முழுங்கினது ஒண்ணுமே இல்லை. பல்லுகிட்ட வந்ததைத் திருப்பித் தொண்டைக்கு அனுப்பி, தொண்டையிலேருந்து நெஞ்சுக்கு அனுப்பி, வயித்துல போட்டு மூடிட்டாரு. வயித்துக்குள்ள ஒரு பஸ் ஸ்டாண்டே ஓடுது, மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை எல்லாம். வெளிய ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஒத்தைக் காலுல நின்னுக்கிட்டு, இன்னொரு காலைத் தூக்கிக்கிட்டு, கண்ணுலேருந்து மட்டும் தண்ணி பொல பொலன்னு கொட்டுது.

ஒரு பெரிய பூநாரை கிட்ட வந்துச்சு. அன்னைக்கு அவரு போட்டிருந்தது தீபாவளிக்கு எடுத்த ரோஸ் கலரு சட்டை. சட்டையைப் பார்த்துச்சு. சரிதான். ஒத்தைக் காலுல நிக்கிறாரான்னு பார்த்துச்சு. அதுவும் சரிதான். மூக்குதான் கொஞ்சம் சப்பை. கழுத்தை வளைச்சு, தலையைக் கவுத்து, கீழேருந்து அவரு மூஞ்சியை ஒரு தடவை பார்த்துச்சு. சொந்தக்காரங்கள்ல ஒருத்தர்னு முடிவு பண்ணிடுச்சு போல. அதுவும் ஒரு காலை மடக்கி மேல வெச்சுக்கிச்சு. அதைப் பார்த்து பக்கத்துல இருந்தது மடக்குச்சு. அப்புறம் அதுக்குப் பக்கத்துல இருந்தது. கொஞ்ச நேரத்துல நூறு பூநாரையும் குஞ்சிதபாதமும் ஒத்தைக் காலுல நிக்கிறாங்க.

நண்டு இன்னொரு தடவை நறுக்குன்னுச்சு. முழுங்கிட்டாரு.

ஒரு குட்டிப் பூநாரை, அதுக்கு இன்னும் ரோஸ் வரல, சாம்பல் கலரு, வந்து அவரு சட்டைப் பொத்தானை டொக் டொக்குன்னு கொத்துச்சு. அவருக்குக் கூச்சம்னா ஆகவே ஆகாது. அதையும் முழுங்கிட்டாரு.

அப்போ உமரிப் புதருக்கு மேல ரெண்டு தலை மெதுவா எழும்புச்சு. ஒண்ணு செங்கமலம். ஒண்ணு நித்திலா. பறவை எங்க இறங்குதுன்னு பார்த்துக்கிட்டே தவழ்ந்து தவழ்ந்து வந்திருக்காங்க, பாவாடையெல்லாம் சேறு. நித்திலாவுக்கு எட்டிக் கை நீட்டினா தொடுற தூரத்துல பூநாரை. தலையைக் கவுத்துச் சாப்பிடுது, ச்சப் ச்சப் ச்சப். புஸ்தகத்துல போட்டிருந்தது நெசம்தான். நித்திலா வாயி தானாத் திறந்துக்கிச்சு. கண்ணு அகலமா, பளபளன்னு. நோட்டை எடுக்கணும்னே அதுக்குத் தோணல.

குஞ்சிதபாதம் எப்பவும் கத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. பொழுதன்னைக்கும் கத்துறதுதானே, அதனால பொண்ணு சந்தோஷப்படும்போது அது முகம் எப்படி இருக்கும்னு அவரு சரியாப் பார்த்ததே இல்லை. இன்னைக்குத்தான் பார்த்தாரு. நண்டு கடிச்ச வலி ஒரு பக்கம் இருக்கு. இது ஒரு பக்கம் இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்துக் கண்ணுல தண்ணி வருது, எது எதுக்குன்னு அவருக்கே தெரியல.

எவ்வளவு நேரம் நின்னாரு? வெயிலு சாயுற வரைக்கும் நின்னாரு. அப்புறம் பெரிய பூநாரை காலை இறக்கி, "கர்ர்"ன்னு ஒரு வார்த்தை சொல்லிச்சு. கூட்டமெல்லாம் அதுபாட்டுக்கு, யாரும் விரட்டாம, நிதானமா நடந்து ஆழத்துப் பக்கம் போயிடுச்சு.

உடனே நித்திலா தண்ணிக்குள்ள சளக் சளக்னு ஓடி வந்துச்சு. இப்போ கத்தலாம், ஒண்ணும் பறக்காது. குஞ்சிதபாதம் வாயைத் திறந்தாரு. வரல. இவ்வளவு நேரம் முழுங்கி முழுங்கி, குரலு எங்கயோ அடியில போயி மாட்டிக்கிச்சு. காத்து மாதிரி துளியூண்டு வந்துச்சு. நித்திலா எக்கி அவரு வாய்கிட்ட காதைக் கொண்டுபோயி, என்னப்பான்னு கேட்டுச்சு.

"நண்டு"ன்னாரு.

நித்திலா கீழ பார்த்துச்சு. நண்டு மேல பார்த்துச்சு.

அப்புறம் இன்னொண்ணு கேட்டாரு. காலையிலேருந்து நெஞ்சுல கிடந்தது. "அடுத்த தடவை நானும் வரலாமா?"

நித்திலா பொய் சொல்லாத பொண்ணு. யோசிச்சுச்சு. அப்பாவைப் பார்த்துச்சு, அவரு விரலைப் பார்த்துச்சு.

"வரலாம்ப்பா. ஆனா நண்டையும் கூட்டிட்டு வரணும்."

செங்கமலம் சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. காலையிலேருந்து அவரு வாயைக் கட்டினவ, அதிரசம் வெச்சு அடைச்சவ, இப்போ அவ சிரிச்ச சிரிப்புல அந்தக் கோடியில மேஞ்சுக்கிட்டிருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு. நண்டு கூட அதுக்குத்தான் பயந்து, விரலை விட்டுட்டு, தொபுக்குன்னு தண்ணியில விழுந்து ஓடிப்போச்சு.

என்ன கேக்குறே? நண்டு எங்க போச்சா?

அது வீட்டுக்குப் போச்சு. அதோட பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாரும் எங்க போனே, எங்க போனேன்னு கேட்டாங்க. நண்டு கொடுக்கை ஆட்டி ஆட்டிச் சொல்லிச்சாம். இன்னைக்கு நான் ஒரு பூநாரையைப் பிடிச்சேன், காலு தூண் மாதிரி இருந்துச்சு, முடியெல்லாம் மொளைச்சிருந்துச்சு, அரை நாளு தொங்கியும் ஒரு சத்தம் போடல, அப்படி ஒரு சாது, மூச்சுல கிராம்பு வாசனை வந்துச்சுன்னு. நண்டுப் பொண்டாட்டி நம்பவே இல்லை. உப்புத் தண்ணியைக் குடிச்சுட்டு உளறாதே, பேசாமப் படுன்னுட்டா.

அதுவும் வளைக்குள்ள போயி, பத்துக் காலையும் மடக்கிப் படுத்துக்கிச்சு. உனக்கு ரெண்டு காலுதானே, நீயும் மடக்கிக்க. கதை வளைக்குள்ள போயிடுச்சு, கண்ணு இமைக்குள்ள போகட்டும்.